ஊட்டிக்கு புதுசு, ரெண்டு சின்ன பிள்ளைகள், இந்த குளிர்ல வீட்டுக்குள்ள எப்படி சமாளிக்கிறீங்க?

தூத்துக்குடி பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரருக்கு ஊட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிட்டு, வீடு பிடிச்சு சாமானை இறக்கி நிமிர்றதுக்குள்ள டிசம்பர் வந்துட்டு. பெரியவ ஒண்ணாங்கிளாஸ், சின்னவனுக்கு ஒன்றரை வயசு. நான் பிறந்ததுல இருந்து ஃபேன் போடாம தூங்குனதே கிடையாது, இங்க ரூம்ல ஃபேன் மாட்ட கொக்கி கூட இல்ல, அதைப் பார்த்தப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிட்டு.

பகல்ல பிரச்சனை இல்ல, வெயில் நல்லாவே அடிக்கு. சாயங்காலம் அஞ்சு மணி ஆனா போதும், தரைல கால் வைக்க முடியல. வீடு பழைய வீடு, பின் சுவர் அப்படியே மண் திட்டை ஒட்டி இருக்கு, அந்த சுவர்ல கை வெச்சா ஈரம், மூலைல கருப்பா பூஞ்சை வேற. துவைச்ச துணி மூணு நாள் ஆனாலும் காயல, சின்னவனுக்கு பேன்ட் பத்த மாட்டேங்கு. காலைல பெரியவளை எழுப்புறதுக்குள்ள எனக்கு உயிர் போயிருது, போர்வையை இழுத்தா அவ திரும்ப இழுக்கா, ஸ்கூல் வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டே நிக்கார். ராத்திரி சின்னவன் போர்வையை உதைச்சு தள்ளிருவான், நான் எந்திரிச்சு எந்திரிச்சு போர்த்தி விடணும். மங்கி குல்லா மாட்டுனா அடுத்த நிமிஷம் அது கட்டிலுக்கு அடில கிடக்கும். மூக்கு ஒழுகிட்டே இருக்கு, லேசா இருமல்.

இதுல எங்க அத்தை போன் போட்டு பிள்ளையை தினம் குளிப்பாட்டாம விட்டா சொறி சிரங்கு வரும்ங்காங்க, எங்க அம்மா போன் போட்டு வாரத்துக்கு ஒரு நாள் போதும், சளி பிடிச்சிரும்ங்காங்க. ரெண்டு பேருக்கும் சரி சரின்னு சொல்லிட்டு போனை வெச்சிருதேன். இட்லி மாவு பொங்கவே மாட்டேங்கு, தயிர் பாலாவே நிக்கு, அதை ஏன் கேக்கீங்க.

இப்ப முக்கியமா கேக்க வந்தது, பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க, ரொம்ப நல்லவங்க, இரும்பு சட்டில கரி போட்டு கனலாக்கி ராத்திரி ரூம்ல வெச்சுக்கோ, பிள்ளைங்க கதகதப்பா தூங்கும்னு சொல்லி ஒரு சட்டியும் குடுத்துட்டாங்க. வைக்கலாமா? இல்ல கரன்ட் ஹீட்டர் வாங்கணுமா? பிப்ரவரி வரைக்கும் இப்படித்தான் இருக்குமா?

காந்தல் அக்கா:

வாம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஊர்ல குளிர்காலத்துல பகல்ல வீட்டுக்கு உள்ள தான் குளிர் ஜாஸ்தி, வெளிய கம்மி. ராத்திரி வானம் மேகம் இல்லாம தெளிவா இருந்தா அன்னைக்கு உறைபனி விழும், பள்ளமான இடத்துல இன்னும் ஜாஸ்தி, எங்க காந்தல், தலைக்குந்தா, ரேஸ்கோர்ஸ் பக்கம்லாம் காலைல புல்லு வெள்ளையா கிடக்கும், ஜீரோ வரைக்கும் கூட இறங்கும். ஆனா அதே நாள் மத்தியானம் 20 டிகிரி வெயில் இருக்கும். அந்த வெயிலை வீட்டுக்குள்ள பிடிச்சு வைக்கறது தான் இங்க குடும்பம் நடத்தற வித்தை. பத்து மணிக்கு எல்லா ஜன்னலும் திற, மெத்தை தலகாணி போர்வை எல்லாத்தையும் வெளிய எடுத்து போடு, மூணரைக்கு முன்னாடி உள்ள எடுத்துட்டு ஜன்னலை சாத்திடு. நாலு மணி வரைக்கும் விட்டா திரும்ப ஈரம் ஏறிடும். புதுசா வர்றவங்க எல்லாரும் குளிர்னு பகல்லயும் ஜன்னலை சாத்தி வெச்சுக்கறாங்க, வீட்டுக்குள்ள சமைக்கற ஆவி, துணி காயற ஈரம், மூச்சு விடற ஈரம் எல்லாம் வெளிய போக வழி இல்லாம சுவர்ல போய் உக்காந்துக்குது, அதான் உன் பூஞ்சை. அந்த பின் சுவரை ஒட்டி கட்டில் போட்டிருந்தா இன்னைக்கே ஒரு அடி நகத்திப் போடு. பூஞ்சையை பிளீச்சிங் தண்ணி தொட்டு துடைக்கணும், பிள்ளைங்க அந்த ரூம்ல இல்லாதப்ப பண்ணு.

துணிக்கு வர்றேன். காலைல எட்டு மணிக்கு துவைச்சு காயப்போட்டா தான் காயும், சாயங்காலம் துவைச்சா அது மறுநாள் துணி. வாஷிங் மெஷின் இருந்தா ஸ்பின்னை ரெண்டு தடவ ஓட்டு. குழந்தை துணி கடைசில லேசா ஈரம் நின்னா இஸ்திரி போட்டு எடு. தூங்கற ரூம்ல மட்டும் ஈரத்துணி தொங்கவிடாத, சளி விடவே விடாது.

பெரியவளுக்கு நாங்க பண்றது, ராத்திரியே யூனிஃபார்முக்குள்ள போடற பனியன், தெர்மல், சாக்ஸ் எல்லாம் போட்டு தான் தூங்க வைப்போம், காலைல மேல யூனிஃபார்மும் ஸ்வெட்டரும் மாட்டினா வேலை முடிஞ்சது. மாட்டப்போற யூனிஃபார்மை அவ போர்வைக்குள்ளயே பத்து நிமிஷம் முன்னாடி சொருகி வை, சூடாயிடும், அப்புறம் மாட்ட அழமாட்டா. குளிக்கறது ஸ்கூல் விட்டு வந்து, வெயில் இருக்கறப்ப. காலைல குளிப்பாட்டி தலை ஈரத்தோட வேன்ல ஏத்தி விடறது தான் தப்பு.

மாவுக்கு, அரைச்சதும் வெதுவெதுப்பா தண்ணி விட்டு கையால நல்லா கலக்கி, பாத்திரத்தை பெரிய குண்டால வெந்நீர் ஊத்தி அதுக்குள்ள இறக்கி வெச்சு மேல பழைய கம்பளி சுத்தி விடு. நைட் எட்டு மணிக்கு வெச்சா காலைல பொங்கலைன்னா பயப்படாத, மத்தியானம் வரைக்கும் விடு. தயிருக்கு ஹாட்பாக்ஸ். சாதம் பருப்புக்கெல்லாம் குக்கர் தான், இங்க 2240 மீட்டர் உயரம், தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடும், திறந்த பாத்திரத்துல கொண்டைக்கடலை வேகவெச்சா கேஸ் தான் தீரும். ஊர்ல மூணு விசில்னா இங்க நாலஞ்சு.

கரி சட்டி பத்தி வேற யாராச்சும் சொல்லுவாங்க, நான் பாட்டியோட மனசு நோகாம சட்டியை வாங்கி அதுல கத்தாழை நட்டு வைன்னு தான் சொல்லுவேன்.

நீலமலை தாத்தா:

இந்த கரி சட்டிய எல்லாரும் ஏதோ வெடிகுண்டு மாதிரி பேசறாங்க. எங்க காலத்துல ஏது ஹீட்டரு, எஸ்டேட் லைன் வீட்டுல எட்டு பேரு ஒரே ரூம்ல, நடுவுல கரி சட்டி, அதுல உருளைக்கெழங்கு சுட்டு தின்னுட்டு தூங்குவோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கரன்ட் ஹீட்டர் காத்தை வறட்டி மூக்குல ரத்தம் வர வைக்கும், பில்லும் எகிறும். புகை அடங்கி கனல் ஆனதுக்கு அப்புறம் உள்ள கொண்டு போனா ஒண்ணும் பண்ணாதுமா.

நைட் டியூட்டி:

ஐயா மேல மரியாதை இருக்கு, ஆனா இதை அப்படியே விட முடியாது. நான் நர்ஸ், மலைல தான் வேலை பாக்குறேன். தூத்துக்குடி தோழி, கரி சட்டியை தயவுசெஞ்சு ரூம்ல வைக்காதீங்க. புகை அடங்குனா ஆபத்து போச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது தான் இதுல பெரிய சிக்கலே. கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, தலைசுத்தல், குமட்டல், அசதி, தூங்கிட்டு இருக்கறவங்களுக்கு அதுவும் தெரியாது, தூக்கத்துலயே போயிடுவாங்க. குழந்தைங்க வேகமா மூச்சு விடுவாங்க, அதனால அவங்களுக்கு சீக்கிரம் ஏறிடும். மலைக்கு டூர் வந்து ரூம்லயும் டென்ட்லயும் அடுப்பை உள்ள வெச்சு தூங்கி இறந்துபோனதா பேப்பர்ல வர்றது இதே கதை தான்.

ஐயா வீட்டுல ஒண்ணும் ஆகாததுக்கு காரணம் கரி நல்ல கரிங்கறதால இல்ல, அந்த வீடுங்க ஓடு, தகரம், பலகை ஜன்னல், நாலு பக்கமும் சந்து, காத்து போயிட்டு வந்துட்டே இருக்கும். இப்ப கான்கிரீட், அலுமினிய ஜன்னல், கதவுக்கு கீழ துணி வேற சொருகி வைக்கிறோம். பழைய பங்களா வீடுகள்ல ஃபயர்பிளேஸ் இருந்தாலும் அதே தான், சிம்னி அடைச்சிருக்கா, உள்ள குருவி கூடு கட்டியிருக்கான்னு பாக்காம பத்த வைக்கவே கூடாது. யாருக்காவது அப்படி தலைசுத்தி விழுந்தா உடனே வெளிக்காத்துக்கு தூக்கிட்டு வந்துட்டு 108-க்கு கூப்பிடுங்க.

ஹீட்டர் வாங்குங்க, ஆயில் ஹீட்டர்னா கம்பி செவப்பா எரியாது, குழந்தை இருக்கற வீட்டுக்கு அது மேல், ஆனா தொட்டா சுடும் தான். கட்டில், திரைச்சீலை எல்லாத்துல இருந்தும் ஒரு மூணடி தள்ளி வைங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, 2000 வாட்ஸ் எல்லாம் 15 ஆம்ப்ஸ் பிளக்ல தான் போடணும், பழைய வீட்டு ஒயரிங்னா எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. ஈரத்துணியை அது மேல போடாதீங்க, போடணும்னு கை பரபரக்கும் தெரியும். தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரூமை சூடு பண்ணிட்டு படுக்கறப்ப ஆஃப் பண்ணிடுங்க. மூக்கு வறண்டா சலைன் டிராப்ஸ் ரெண்டு சொட்டு.

சின்னவன் இருமல் பத்தி. மூக்கு ஒழுகுறது மட்டும்னா, நல்லா விளையாடுறான் பால் குடிக்கிறான்னா, பயப்பட ஒண்ணும் இல்ல, ஒரு வாரம் பத்து நாள்ல சரியாகும். கடைல இருமல் சிரப் வாங்கி ஊத்தாதீங்க. அவன் தூங்கறப்ப சட்டையை தூக்கிட்டு போன்ல ஒரு நிமிஷம் டைம் வெச்சு மூச்சை எண்ணுங்க, ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 40 இல்ல அதுக்கு மேல போச்சுன்னா, இல்ல மூச்சு இழுக்கறப்ப விலா எலும்புக்கு கீழ உள்ள குழி விழுந்துச்சுன்னா, பால் குடிக்காம துவண்டு கிடந்தா, அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி, காலைல பாத்துக்கலாம்னு வேணாம். 9 மாசத்துல போடற நிமோனியா தடுப்பூசி, பிசிவி, போட்டாச்சான்னு அட்டையை எடுத்து பாருங்க, விட்டுப்போயிருந்தா இப்பவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அப்புறம் இங்க எல்லார் வீட்டுலயும் நீலகிரி தைலம் பாட்டில் இருக்கும், பக்கத்து வீட்டு பாட்டி அதையும் குடுத்திருப்பாங்க. பெரியவங்களுக்கு ஓகே. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தை மூக்குல நெஞ்சுல தடவாதீங்க, கற்பூரம் சேர்ந்த தைலம், விக்ஸ் எதுவும் வேணாம். அந்த பாட்டில் அலமாரிக்கு மேல இருக்கட்டும், குழந்தை ஒரு வாய் குடிச்சுட்டா வலிப்பு வரும். ஆவி பிடிக்கறேன்னு கொதிக்கற பாத்திரத்துக்கு முன்னாடி அவனை மடில வெச்சு உக்காராதீங்க, தட்டி விட்டுடுவான்.

குன்னூர் ரெண்டு வால் அப்பா:

நர்ஸ் மேடம் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நம்ம வீட்டுலயும் இதே வயசுல ரெண்டு வாலுங்க. போர்வை உதைக்கற மேட்டருக்கு ஒரே வழிதானுங்க, போர்வையை நம்பாதீங்க, டிரெஸ்ஸை நம்புங்க. உள்ள காட்டன், அதுக்கு மேல ஃப்ளீஸ் துணில காலோட சேர்ந்த நைட்டு டிரெஸ், அதையும் மேல மேல மெல்லிசா போடணும், ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரை நேரா உடம்புல மாட்டினா கம்பளி குத்தி அழுவான். குளிருதான்னு பாக்க கையைத் தொட்டு பாக்காதீங்க, குழந்தை கை எப்பவும் ஜில்லுன்னு தான் இருக்கும், பின்னங்கழுத்துல ரெண்டு விரல் விட்டு பாருங்க. அங்க வேர்த்திருந்தா ஒண்ணைக் கழட்டணும். வெந்நீர் பேக் படுக்கையை சூடு பண்றதுக்கு மட்டும், பையனை படுக்க வைக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

மங்கி குல்லாக்கு எங்க வீட்டுல நடந்த கூத்தை சொன்னா சிரிப்பீங்க, பெரியவன் நான் போட்டா தான் போடுவேன்னு அடம், இப்ப நான் வீட்டுக்குள்ள மங்கி குல்லா மாட்டிட்டு தான் டிவி பாக்கறேன், என் மாமனார் வந்தப்ப கூட. போட்டுக்கறான்.

சாயங்காலம் தான் பெரிய போராட்டம்ங்க. அஞ்சரைக்கு மேல வெளிய விட முடியாது, எட்டரைக்கு தான் தூங்கும், நடுவுல மூணு மணி நேரம். டிவியை போட்டு விட்டுடலாம், நானும் போடறேன், பொய் சொல்லல. ஆனா சமையக்கட்டு தான் வீட்டுலயே சூடான இடம், அதனால நாங்க ஒரு பழைய ஜமுக்காளம், அதுக்கு கீழ சாக்கு, அங்கயே விரிச்சுட்டோம், அடுப்புல இருந்து தள்ளி. ஹோம்வொர்க், பட்டாணி உரிக்கறது, சின்னவளுக்கு டப்பா மூடி, எல்லாம் அங்க தான். பச்சைப் பட்டாணி உரிக்க குடுத்தா பாதி வயித்துக்கு போயிடும், போகட்டும்.

உறைபனி அடிக்கும்னு தெரிஞ்ச நாள் (சாயங்காலம் வானம் கண்ணாடி மாதிரி இருந்தா, காத்து இல்லைன்னா) ராத்திரி ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி அதுல ஒரு செவந்திப்பூவைப் போட்டு மொட்டை மாடில வெச்சோம். குன்னூர் ஊட்டியை விட தாழ, அதனால எல்லா தடவையும் உறையாது, உங்க ஊர்ல ஈசியா உறையும். ஒரு நாள் காலைல பாத்தா மேல மெல்லிசா கண்ணாடி மாதிரி ஐஸ், உள்ள பூவு அப்படியே. பெரியவன் அதை ரெண்டு கையாலயும் தூக்கி அது வழியா தங்கச்சியைப் பாத்தான், விரல் மரத்துப் போய் கத்தினான், கீழ போட்டு உடைச்சுட்டு திரும்ப வேணும்னு அழுதான். அன்னைக்கு மட்டும் யாரும் எழுப்பாம ஆறரைக்கு எந்திரிச்சாங்க ரெண்டு பேரும். உங்க பொண்ணு எந்திரிக்கலைன்னா இதை டிரை பண்ணுங்க, லீவு நாள்ல.

கேத்தி மகள்:

அக்கா நான் படகர், இந்த நீலகிரி மலை சமூகம், ஊரு கேத்தி பள்ளத்தாக்கு. சாப்பாடு பத்தி யாரும் சொல்லல. குளிர்ல பிள்ளைங்களுக்கு பசி ஜாஸ்தி எடுக்கும், பிஸ்கட்டா குடுத்துட்டு இருக்காதீங்க. ராகி களி, கூட அவரை போட்ட குழம்பு, அது மேல ஒரு ஸ்பூன் நெய், சாயங்காலம் ஆறு மணிக்கு சூடா குடுத்தா ராத்திரி நடுவுல எழுந்து அழாது. இப்ப மார்க்கெட்ல கேரட், பீட்ரூட், டர்னிப், பட்டாணி எல்லாம் தோட்டத்துல இருந்து அப்படியே வரும், மண்ணோட இருக்கற கேரட்டா வாங்குங்க. தண்ணி குடிக்கவே மாட்டாங்க, அதை மட்டும் கவனிங்க, வெதுவெதுன்னு பாட்டில்ல ஊத்தி குடுங்க, எங்க அண்ணன் பொண்ணுக்கு போன குளிர்ல தண்ணி குடிக்காம மலச்சிக்கல் வந்து ஒரு வாரம் அவஸ்தை.

குளிப்பாட்டறதுக்கு உங்க அத்தைக்கும் ஜெயம், அம்மாவுக்கும் ஜெயம்னு பண்ணிடலாம். தினம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வெயில் படற ஜன்னல் ஓரமா முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, அடிப்பக்கம் வெந்நீர் துணில துடைச்சு எடுத்துடுங்க, முழுக்க குளிக்கறது வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ. குளிச்சு ஈரம் முழுசா காயறதுக்கு முன்னாடி எண்ணெய் தடவணும். தேங்காய் எண்ணெய் இங்க கல்லா உறைஞ்சு கிடக்கும், பாட்டிலோட வெந்நீர்ல நிக்க வைங்க. கன்னம் தான் முக்கியம், இந்த ஊர் வெயில் குளிர்ல சுடற மாதிரி தெரியாது ஆனா நல்லா எரிக்கும், குழந்தைங்க கன்னம் செவந்து வெடிச்சு தோல் உரியும், டூரிஸ்ட் எல்லாம் ஆப்பிள் கன்னம்னு கிள்ளுவாங்க, அது வெடிப்பு. வெளிய விடறதுக்கு முன்னாடி வேசலின் போட்டு விடுங்க.

ஸ்வெட்டர் வாங்க பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல திபெத்தியன் மார்க்கெட் இருக்கு, பேரம் பேசி வாங்கணும், ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, உள்ள ரெண்டு துணி போட இடம் வேணும், அடுத்த வருஷமும் ஆகும். டிசம்பர் கடைசி ஜனவரில எங்க படகர் மக்களோட ஹெத்தையம்மன் பண்டிகை வரும், மாவட்டத்துக்கே லோக்கல் லீவு விடுவாங்க, அந்த குளிர்ல நாங்க எல்லாரும் வெள்ளை உடுத்திட்டு நடப்போம், குட்டிங்களும் தான், ஒண்ணும் ஆகாது. வாங்க பாக்கலாம்.

பிப்ரவரி வரைக்கும் இருக்குமான்னு கேட்டீங்க, உறைபனி பிப்ரவரி நடுவுல எல்லாம் குறைஞ்சுடும். அப்புறம் ஜூன்ல மழையோட ஒரு குளிர் வரும், அதை இப்ப சொல்லி பயமுறுத்தல.

தூத்துக்குடி பொண்ணு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. கரி சட்டி வெளிய போயிட்டு, காந்தல் அக்கா சொன்ன மாதிரி கத்தாழை இன்னும் கிடைக்கல, இப்போதைக்கு அதுல கருவேப்பிலை கன்னு நட்டேன், இந்த குளிர்ல வருமான்னு தெரியல. பாட்டி கேட்டாங்க, பிள்ளை சட்டியைத் தொட்டுருவான் பாட்டின்னு சொல்லிட்டேன். கட்டிலை நகத்திட்டேன், பின்னாடி பார்த்தா ஒரு ஆள் உயரத்துக்கு பூஞ்சை, அய்யோ. மூச்சு எண்ணிப் பார்த்தேன், தூங்கும்போது 28 வந்துச்சு. பிசிவி அட்டைல போட்டிருக்கு.

யூனிஃபார்மை போர்வைக்குள்ள சொருகுறது மட்டும் இன்னைக்கு காலைல செஞ்சேன், அவ பாட்டுக்கு உள்ளயே மாட்டிட்டு தலையை மட்டும் வெளிய நீட்டுனா.

நர்ஸ் மேடம் ஒரு சந்தேகம், எங்க பாத்ரூம்ல கேஸ் கீசர் தான் மாட்டியிருக்காங்க, சிலிண்டரும் உள்ளயே, ஜன்னல் சின்னது, குளிருதுன்னு அதையும் அட்டை வெச்சு அடைச்சு வெச்சிருக்கு. அதுவும் இந்த கரி மாதிரி தானா?

நைட் டியூட்டி:

அதே தாங்க, இன்னும் வேகமா கூட நடக்கும், பாத்ரூம் சின்ன இடம். இப்பவே போய் அந்த அட்டையை எடுங்க, இதை படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி. கீசரும் சிலிண்டரும் பாத்ரூமுக்கு வெளிய, காத்தோட்டமான இடத்துல இருக்கணும், பைப்ல வெந்நீர் மட்டும் உள்ள வரணும். வீட்டு ஓனர்கிட்ட சொல்லி மாத்த சொல்லுங்க, இல்லைன்னா கரன்ட் கீசர்.

காந்தல் அக்கா:

ஓனர் இழுத்தடிப்பாரு, இங்க எல்லா ஓனரும் சீசனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்ம்பாங்க. வாட்டர் ஹீட்டர் ராடு போட்டு பக்கெட்ல சூடு பண்ணிக்கலாம், ஆனா சின்னவன் இருக்கான், அவன் ஸ்விட்ச் பக்கம் தண்ணிப் பக்கம் ஓடுவான், வேணாம். மாத்தற வரைக்கும் அடுப்புலயே பெரிய பாத்திரத்துல காய வெச்சு தூக்கிட்டு போ, உன் வீட்டுக்காரரை தூக்க சொல்லு. கருவேப்பிலை இங்க வெளிய வெச்சா வராதும்மா, சமையக்கட்டு ஜன்னல் உள்பக்கமா வை.

நீலமலை தாத்தா:

கேஸ் கீசர் விஷயம் நர்ஸ் பொண்ணு சொல்றது சரி. எங்க வீட்டுலயும் பையன் அதை தான் மாட்டியிருக்கான், நாளைக்கு ஆளை வர சொல்லியிருக்கேன். கருவேப்பிலை வேணும்னா மேட்டுப்பாளையத்துல இருந்து காய்கறி வண்டில கொத்தா வருது, வாங்கிக்கலாம்.

கரி சட்டில உருளைக்கெழங்கு முற்றத்துல வெச்சு சுடலாம்ல?

நைட் டியூட்டி:

முற்றத்துல தாராளமா சுடுங்க ஐயா. எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க.